நூற்றுப் பத்தில் உதறிய சக்கரம்

ஒரே சக்கரத்தை நான்கு மாதங்களில் மூன்று முறை பேலன்ஸ் செய்தேன். மூன்று முறையும் டயர் கடையிலிருந்து வீடு வரும்போது கார் துளி உதறலும் இல்லாமல் ஓடியது. மூன்று முறையும் அடுத்த டிராக் நாள், அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாள், முடிந்து திரும்பும் வழியிலேயே பழைய உதறல் வந்து சேர்ந்தது. மணிக்கு 95 கிலோமீட்டரில் ஸ்டீயரிங்கில் மெல்லத் தொடங்கி, 110 முதல் 125 வரை மணிக்கட்டு வரைக்கும் ஏறி, 150ஐத் தாண்டியதும் பாதியாகத் தணிந்துவிடும் உதறல் அது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ அரை ஆண்டு ஆயிற்று. கண்டுபிடித்துக் கொடுத்த கருவியோ ஒரு வெள்ளைப் பெயிண்ட் பேனா. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தடத்துக்குக் கார் கொண்டுவரும் நண்பர்களில் இன்னும் சிலர் இதே போலக் கடைக்கும் டிராக்குக்கும் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்பதால், பட்ட பாட்டை விவரமாகவே எழுதி வைக்கிறேன்.

கார் 2014ஆம் ஆண்டின் போர்ஷே கேமேன். இன்னொருவர் ஓட்டிய பிறகு என் கைக்கு வந்தது. இருக்கைக்குப் பின்னால் எஞ்சின், பின்சக்கரங்களுக்கு இழுவை, முன்னால் 235/40, பின்னால் 265/40 அளவில் 19 அங்குல டயர்கள். வார நாட்களில் அது கணபதியில் உள்ள எங்கள் பம்பு பட்டறையின் ஓரத்தில் உறை போர்த்தி நிற்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு செட்டிபாளையத்துத் தடமான கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போகும். மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டி, சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளும் பந்தயத்துக்கு வர வழி செய்த கரிவர்தன் 1995இல் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கி 2003இல் திறக்கப்பட்ட அந்தத் தடத்தின் நீளம் 2.1 கிலோமீட்டர்தான். தடம் சிறியது என்பதால் அங்கே வேகம் எடுத்த சில விநாடிகளிலேயே பிரேக்கை அழுத்தியாக வேண்டும். ஒரு நாளில் நாற்பது சுற்று ஓட்டினால் முன்சக்கரங்கள் நூற்றுக்கு மேற்பட்ட முறை முழு பலத்துடன் இழுத்து நிறுத்தப்படுகின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

உதறுகிறது என்று டயர் கடையில் சொன்னால் கிடைக்கும் பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான். “பேலன்ஸ் அவுட்டுங்ணா. வெயிட்டுப் போட்டுட்டாச் சரியாயிருமுங்” என்றார் கடைத் தம்பி. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இடது முன்சக்கரத்தை இயந்திரத்தில் மாட்டிச் சுற்றியபோது திரையில் 30 கிராம் காட்டியது, எடையை ஒட்டிய பிறகு பூஜ்ஜியம் காட்டியது. ஆனால் அந்த இயந்திரம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: சுற்றும் பொருளின் எடை அச்சைச் சுற்றிச் சமமாகப் பரவியிருக்கிறதா? சக்கரம் வட்டமாக இருக்கிறதா, தரையில் அழுந்தும்போது டயரின் சுவர் எல்லா இடத்திலும் ஒரே விறைப்பாக இருக்கிறதா, சக்கரத்தை மாட்டும் ஹப்பின் நடுவில் சரியாக உட்காருகிறதா என்பதெல்லாம் அதன் வேலையல்ல. சதுரமான சக்கரத்தைக் கூடப் பூஜ்ஜியத்துக்கு பேலன்ஸ் செய்துவிடலாம். மூன்றாவது முறையும் உதறல் திரும்பி வந்த பிறகுதான், காரை அவர்களிடம் ஒப்படைப்பதை நிறுத்திவிட்டு நானே கேள்வி கேட்கத் தொடங்கினேன்.

முதல் கேள்வி, உதறல் எப்போது வருகிறது என்பது. பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் வந்தால் அது வேறு கதை. டிஸ்க் வளைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள்; இரும்பு டிஸ்க் உண்மையில் அவ்வளவு எளிதாக வளைவதில்லை. டிராக்கை முடித்து உள்ளே வந்ததும், கொதிக்கும் டிஸ்க்கை பிரேக் பேடு கவ்விய நிலையிலேயே காலை எடுக்காமல் நின்றால், பேடின் பொருள் அந்த இடத்தில் மட்டும் திட்டாகப் படிந்துவிடுகிறது. டிஸ்க்கின் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு வேறுபட்டாலே காலுக்குத் தெரியும். என் காரில் பிரேக்கைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் உதறல் ஒன்றாகவே இருந்ததால் அந்தக் கதவை மூடினேன். அடுத்தது எஞ்சின். நீலாம்பூரைத் தாண்டி அவிநாசிப் பக்கம் நெடுஞ்சாலையில் சட்டம் அனுமதிக்கும் 100 கிலோமீட்டரில் போகும்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். எஞ்சின் சுற்று விழுந்தும் உதறல் அப்படியே நின்றது. கியர் மாற்றிப் பார்த்தபோதும் அது எஞ்சின் சுற்றைப் பின்தொடராமல் சாலை வேகத்தையே பின்தொடர்ந்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் குலுங்கினால் பின் அச்சுத் தண்டின் உள் மூட்டைச் சந்தேகிக்க வேண்டும், மூன்று உருளைகள் உள்ள வகை மூட்டு என்றால் ஒரு சுற்றுக்கு மூன்று குலுக்கல் வரும். அதுவும் இல்லை. ஆகவே சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை நிகழும் ஏதோ ஒன்று என்பது உறுதியாயிற்று.

இங்கே நம் பகுதிக்கே உரிய ஒரு எச்சரிக்கை. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று செட்டிபாளையத்தில் காரைப் பக்கவாட்டில் தள்ளும் தள்ளலில், எது சக்கரம் எது காற்று என்றே பிரித்துச் சொல்ல முடியாது. நான் முதலில் எடுத்த அளவுகளில் பாதியைத் தூக்கிப் போட நேர்ந்தது இதனால்தான். அந்த மாதங்களில் இத்தகைய சோதனைகளைக் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

வெறும் 30 கிராம் இவ்வளவு பெரிய காரை எப்படி உதறச் செய்யும் என்று கேட்பவர்களுக்காகக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 19 அங்குல ரிம்மின் விளிம்பில் 30 கிராம் ஒரு பக்கம் அதிகமாக இருந்தால், 60 கிலோமீட்டர் வேகத்தில் அது அச்சை இழுக்கும் விசை இரண்டு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால் 120இல் அது நான்கு மடங்காகி ஏழரைக் கிலோவைத் தாண்டுகிறது. அந்த வேகத்தில் சக்கரம் விநாடிக்குப் பதினாறு முறைக்கு மேல் சுற்றுகிறது. அதாவது ஏழரைக் கிலோச் சுத்தியல் ஒன்று விநாடிக்குப் பதினாறு முறை ஸ்டீயரிங் தண்டின் முனையில் தட்டிக்கொண்டே இருக்கிறது. 150க்கு மேல் விசை இன்னும் அதிகம், ஆனால் உதறல் குறைந்தது ஏன்? ஆடி நோம்பிக்குப் புளியமரத்தில் தூரி கட்டி ஆட்டியவர்களுக்கு இது தெரியும். தூரி தன் போக்கில் போய் வரும் நேரத்துக்கு ஒத்துத் தள்ளினால் சிறு தள்ளலுக்கே உயரப் போகும். நேரம் தப்பி வேகவேகமாகத் தள்ளினால் எவ்வளவு பலம் கொடுத்தாலும் ஏறாது. சக்கரமும் ஹப்பும் ஸ்டீயரிங் இணைப்புகளும் சேர்ந்த தொகுதிக்கும் அப்படியொரு சொந்த நேரம் உண்டு. என் காரில் அது 110க்கும் 125க்கும் இடையில் விழுந்திருக்கிறது. உதறல் தணிந்துவிட்டது என்பதற்காக அந்த விசை இல்லாமல் போய்விடவில்லை. பேரிங்கும் பால் ஜாயிண்டும் அதை வாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு நினைவு காரணம். எங்கள் ஊர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக பார்முலா ஒன்றில் ஓட்டிய 2005ஆம் ஆண்டு, கோவையில் பாதி வீடுகளில் ஞாயிறு மாலை அந்தப் பந்தயம்தான் ஓடியது. அந்த மே மாதம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் முன்னணியில் இருந்த கிமி ராய்க்கோனன், பிரேக்கைப் பலமாக மிதித்துச் சக்கரத்தைச் சுற்றவிடாமல் பூட்டி, வலது முன் டயரின் ஓரிடத்தைத் தட்டையாகத் தேய்த்துவிட்டார். அந்த ஆண்டின் விதிப்படி பந்தயம் முழுவதையும் ஒரே செட் டயரில் முடிக்க வேண்டும். சுற்றுக்குச் சுற்று உதறல் வளர்ந்து, கேமராவில் அந்தச் சக்கரம் நடுங்குவது கண்ணுக்கே தெரிந்தது. கடைசிச் சுற்றின் முதல் வளைவில் சஸ்பென்ஷன் முறிந்து சக்கரம் மடிந்தது, அலோன்சோ வென்றார். உதறலைப் பொறுத்துக்கொண்டு ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நான் வேறு சான்று தேடுவதில்லை.

முன்னாலா, பின்னாலா என்பது அடுத்த கேள்வி. ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன்சக்கரம், இருக்கையில் தெரிந்தால் பின்சக்கரம் என்பது பழைய விதி. பெரும்பாலும் சரியான விதியும் கூட. என் காரில் ஸ்டீயரிங்கில் அதிகமாகவும் இருக்கையில் கொஞ்சமாகவும் தெரிந்தது, தவிர உதறல் ஒரே சீராக இல்லாமல் சில விநாடிகளுக்கு ஒரு முறை எழுந்து எழுந்து அடங்கியது. இரண்டு சக்கரங்கள் ஏறத்தாழ ஒரே வேகத்தில், ஆனால் முற்றிலும் ஒரே வேகத்தில் இல்லாமல், தனித்தனியே உதறும்போதுதான் இப்படி வரும். இதைப் பிரிக்க எனக்குக் கைகொடுத்தது ஆஹன் பல்கலைக்கழகத்தார் இலவசமாக வெளியிட்டிருக்கும் ஃபைஃபாக்ஸ் (phyphox) என்ற செயலி. போனில் இருக்கும் முடுக்க உணரியைக் கொண்டு, அதிர்வு விநாடிக்கு எத்தனை முறை நிகழ்கிறது என்பதை அது வரைபடமாகக் காட்டும்.

செய்முறை எளிது. டயரிலும் தரையிலும் சுண்ணாம்புக் கோடு போட்டு, நான் உள்ளே உட்கார்ந்திருக்க, பட்டறைப் பையன்களை விட்டுக் காரைத் தள்ளச் சொல்லி, சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது கடக்கும் தூரத்தை டேப்பில் அளந்தோம். முன்சக்கரம் 2.04 மீட்டர், பின்சக்கரம் 2.11 மீட்டர். இரண்டும் வெவ்வேறு அளவாக இருப்பது இங்கே பெரிய அதிர்ஷ்டம்: உண்மையான 100 கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரம் விநாடிக்கு 13.6 முறையும் பின்சக்கரம் 13.2 முறையும் சுற்றும். போனை இருக்கையின் அடித்தண்டவாளத்தில் டேப் போட்டு இறுக ஒட்டி, ஸ்பீடோமீட்டரை நம்பாமல் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்த்து குரூஸ் கண்ட்ரோலைப் பூட்டி, முப்பது விநாடி பதிவு செய்தேன். 13.6இல் ஓர் உயர்ந்த முகடு, அதன் தோளில் 13.2இல் சிறிய இன்னொன்று. முன்னால் ஒரு பெரிய குற்றமும் பின்னால் ஒரு சிறிய குற்றமும் இருப்பதைப் படம் பிரித்துக் காட்டிவிட்டது. நான்கு டயர்களும் ஒரே அளவாக உள்ள கார்களில் இந்த வழி உதவாது. அங்கே சக்கரங்களை இடம் மாற்றித்தான் பார்க்க வேண்டும்.

பிறகு சக்கரத்தைக் கழற்றினேன். டிராக்கில் ஓடும் காருக்கென்றே சில சில்லறைக் காரணங்கள் உண்டு. சூடான டயர் மெதுவாக உள்ளே வரும்போது தடத்தின் ஓரத்தில் உதிர்ந்து கிடக்கும் ரப்பர்த் துணுக்குகளை அள்ளிக்கொண்டு வந்துவிடும். பத்துக் கிலோமீட்டர் ஓட்டினால் அவை தேய்ந்து போகும், ஆனால் ரிம்மின் உட்புறம் ஒட்டியவை அங்கேயே இருக்கும். அவற்றைச் சுரண்டி எடுத்தேன். பிரேக்கின் சூட்டில் பசை இளகி, ஒட்டிய எடைகள் விழுந்துவிடுவதும் வழக்கம்; ஒவ்வொரு முறையும் எண்ணி வைத்திருந்தேன், அலுமினிய டேப்பை மேலே ஒட்டியும் வைத்திருந்தேன், ஒன்றும் குறையவில்லை. ஹப்பின் முகத்தில் துருப்பொருக்கு இருந்தால் சக்கரம் சாய்ந்து உட்காரும் என்பதால் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, நுண்ணிய ஏற்ற இறக்கத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை லேத் பகுதியிலிருந்து வாங்கி வைத்துச் சுற்றினேன்: 0.03 மில்லிமீட்டர், குறை சொல்ல முடியாது. மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது பேரிங்கில் ஆட்டம் இல்லை. இடமும் வலமும் ஆட்டியபோது, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு முனையிலும் இல்லை. இந்தக் காரின் வீல் போல்ட்டுகளின் உட்காரும் இடம் பந்து வடிவம்; கூம்பு வடிவ போல்ட்டை மாற்றிப் போட்டால் சக்கரம் நடுவில் நிற்காது. அவையும் சரியானவையே. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிய நிலையில் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்கி, கடைசியில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் 160 நியூட்டன் மீட்டருக்கு முடித்தேன்.

ரிம்களுக்கும் டயல் வைத்தேன். இடது முன் ரிம்மின் ஏற்ற இறக்கம் 0.4 மில்லிமீட்டர், அதன் டயரில் 0.7; இரண்டுமே நல்ல அளவுகள். இடது பின் ரிம்மின் உள் விளிம்பில் மட்டும் ஓரிடத்தில் 1.6 மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தது. ஏதோ ஒரு மழைநாளில் குழியில் இறங்கியதன் அடையாளம். இருக்கையில் தெரிந்த சிறிய முகட்டுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. பெரிய முகட்டுக்குத்தான் கிடைக்கவில்லை. வட்டமாக இருக்கிறது, நடுவில் உட்காருகிறது, எடைகள் அப்படியே இருக்கின்றன, கடையில் பூஜ்ஜியம் காட்டியது, ஒரு டிராக் நாளுக்குப் பிறகு மறுபடி 30 கிராம் காட்டுகிறது.

இந்த இடத்தில்தான் பெரியப்பாவிடம் போனேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல், பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர்களையும் மோட்டாருக்குள் சுழலும் ரோட்டர்களையும் பேலன்ஸ் செய்தவர். கோயமுத்தூரில் பம்பு பட்டறை வைத்திருக்கும் எந்தக் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். சிறு வயதில் அவர் எனக்குக் காட்டிய பாடம் ஒன்று உண்டு. இம்பெல்லர் தட்டையானது, அதைத் தண்டில் கோத்து இரண்டு கத்தி விளிம்புகளின் மேல் வைத்தால் கனமான பக்கம் தானே கீழே வந்து நிற்கும், அங்கே கொஞ்சம் உராய்ந்துவிட்டால் வேலை முடிந்தது. ரோட்டர் நீளமானது, ஒரு முனையில் மேலேயும் மறுமுனையில் கீழேயும் சம கனம் இருந்தால் கத்தி விளிம்பின் மேல் அசையாமல் சாதுவாக நிற்கும், சுற்றினால் மட்டும் இரண்டு முனைகளும் எதிரெதிராக இழுத்து பேரிங்கைத் தின்னும். அதனால் ரோட்டரைச் சுற்றவிட்டு இரண்டு முனைகளிலும் தனித்தனியாக எடை பார்க்க வேண்டும். அகலமான கார்ச் சக்கரம் இந்த இரண்டுக்கும் நடுவில் வரும் பொருள்; கடைக்காரர் ரிம்மின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் எடை ஒட்டுவது இதற்காகத்தான்.

நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: “ஏங்கண்ணு, வெயிட்டு உளுகலீங்கறே?”

“உளுகலீங் பெரியப்பா. எண்ணிப் பாத்துட்டனுங்.”

“ரிம்மும் பெண்டு இல்லே?”

“முன்னாடி இல்லீங்.”

“அப்ப வெயிட்டு நின்ன எடத்துலதான் நிக்கிது. வெயிட்டு எதுக்காகப் போட்டமோ அது நவுந்திருக்கோணும். டயருக்குக் கீ வெட்டிருக்குதா என்ன? கோடு போட்டுப் பாரு சாமி.”

தண்டையும் புல்லியையும் ஒன்றாகச் சுற்ற வைப்பது இடையில் அடித்த கீ. அது இல்லாத புல்லி, பளு கூடும்போது தண்டின் மேல் வழுக்கும். டயருக்கும் ரிம்முக்கும் இடையே அப்படி எதுவும் இல்லை; உள்ளே அடைத்த காற்று டயரின் விளிம்பை ரிம்மின் மேல் அழுத்திப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இருந்தும், ரிம்மில் ஏற்றும்போது பட்டாசு வெடிப்பது போலச் சத்தத்துடன் போய் உட்காரும் டயர் நகரும் என்பதை நான் முழுதாக நம்பவில்லை.

அடுத்த ஞாயிறு, நான்கு சக்கரங்களிலும் வால்வுக்கு நேராக ரிம்மிலிருந்து டயர் வரைக்கும் வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் கோடு இழுத்துவிட்டு டிராக்கில் இறங்கினேன். எட்டுச் சுற்று முடிந்து வந்து பார்த்தபோது இடது முன்சக்கரத்தில் கோடு இரண்டாக வெட்டுப்பட்டு, டயரின் பாதி மூன்று விரல் அகலம் முன்னேறியிருந்தது. வலது முன்சக்கரத்தில் ஒரு சென்டிமீட்டர், பின்சக்கரங்களில் ஒன்றும் இல்லை. ஐந்தாவது முறை உள்ளே வந்தபோது இடது சக்கரத்தின் நகர்வு 15 சென்டிமீட்டர்; வலது அதே ஒரு சென்டிமீட்டரில் நின்றிருந்தது. நகர்ந்த திசையும் கதையைச் சொன்னது. பிரேக் ரிம்மைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது, சாலை டயரை இன்னும் சுற்றச் சொல்லி இழுக்கிறது. ஆகவே பிரேக்கினால் வழுக்கும் டயர் சுற்றும் திசையிலேயே ரிம்மை முந்தும். இழுவையினால் வழுக்கும் பின் டயராக இருந்திருந்தால் பின்தங்கியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கணக்கைப் போட்டேன். 19 அங்குல ரிம்மின் சுற்றளவு ஒன்றரை மீட்டர். 15 சென்டிமீட்டர் என்பது அதில் பத்தில் ஒன்று, அதாவது 36 பாகை. டயரின் சொந்தச் சமனின்மை 50 கிராம், அதற்கு எதிராக ரிம்மில் 50 கிராம் ஒட்டியிருக்கிறது என்று கொண்டால், டயர் மட்டும் 36 பாகை நகர்ந்ததும் இரண்டும் நேருக்கு நேர் நில்லாமல் போய், மிச்சம் 31 கிராம் வெளியே தெரியும். கடை இயந்திரம் ஒவ்வொரு முறையும் காட்டிய எண் இதுதான். மூன்று முறையும் நாங்கள் நகர்ந்த டயருக்கு ஏற்ப எடையை மாற்றி ஒட்டினோம், மூன்று முறையும் டயர் இன்னொரு சாண் தூரம் நடந்துவிட்டது.

இடது மட்டும் ஏன்? டயரைக் கழற்றியபோது அதற்கும் பதில் கிடைத்தது. எனக்கு முன் வைத்திருந்தவர் அந்த ஒரு ரிம்மை மட்டும் கீறல் மறைய மறுபெயிண்ட் அடித்திருக்கிறார். அடித்தவர் டயர் உட்காரும் படியிலும் சேர்த்துக் கண்ணாடி போல அடித்துவிட்டார். அந்தப் பளபளப்பின் மேல் சுற்றுவாக்கில் வழுக்கிய தடங்கள் தெளிவாகத் தெரிந்தன. போதாக்குறைக்கு டயர் ஏற்றியபோது தாராளமாகப் பூசிய சோப்பு இன்னும் பிசுபிசுப்பாக இருந்தது. நானும் என் பங்குக்கு, சூடேறியதும் 33 பிஎஸ்ஐ வர வேண்டும் என்று குளிரில் 24 மட்டுமே வைத்து, முதல் இரண்டு சுற்றுகளிலேயே பலமாக பிரேக் அடித்து வந்திருக்கிறேன். காற்று குறைந்தால் விளிம்பை அழுத்திப் பிடிக்கும் பிடியும் குறையும். பந்தயத்துக்கென்றே செய்யும் சில ரிம்களில் டயர் உட்காரும் படியில் சொரசொரப்பாகக் கொத்தி விட்டிருப்பது இந்த நழுவலைத் தடுக்கத்தான்.

சரிசெய்தது பெரிய வேலை அல்ல. படியிலிருந்த பெயிண்ட்டை எடுத்து, காற்றுக் கசியும் அளவுக்கு ஆழமான கீறல் விழாதபடி நைஸ் உப்புத்தாளால் மேலோட்டமாகத் தேய்த்து, டயரின் விளிம்பை ஸ்பிரிட்டால் துடைத்தோம். டயரின் மேல் உள்ள மஞ்சள் புள்ளி அதன் இலேசான இடத்தைக் காட்டுவது. அதை வால்வுக்கு நேராக வைத்து, மசகை விரலால் தொட்டுப் பூசும் அளவுக்கு மட்டும் விட்டு ஏற்றச் சொன்னேன். கடைத் தம்பி இந்த முறை என்னைவிட அக்கறையாக நின்று செய்தார். கோட்டின் படத்தைப் பார்த்ததிலிருந்து அவரும் டிராக் கார்களுக்கெல்லாம் கோடு போட்டுத்தான் அனுப்புகிறார். இரண்டு நாட்கள் காரைத் தொடாமல் உலரவிட்டேன். குளிர் அழுத்தத்தை 27க்கு ஏற்றினேன், முதல் இரண்டு சுற்றுகளை மென்மையாக ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

இடது பின் ரிம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1.6 மில்லிமீட்டர்தானே, சூடு காட்டித் தட்டி நிமிர்த்திவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை, பட்டறையில் வார்ப்புகளின் வெடிப்பைப் பார்க்கும் சிவப்புச் சாயத்தை உள் விளிம்பில் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடியை அடித்தார். சில நிமிடங்களில் வெள்ளையின் மேல் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு முடி போலச் சிவப்புக் கோடு கசிந்து வந்தது. கண்ணால் பார்த்தபோதும் விரலால் தடவியபோதும் அங்கே எதுவும் தெரிந்திருக்கவில்லை. அந்த ரிம்மோடு நான் அதற்கு முன் எத்தனை ஞாயிறு ஓட்டியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டே அதை ஓரமாக வைத்தேன். வளைந்த வார்ப்பு ரிம்மை நிமிர்த்தி ஊருக்குள் ஓட்டுவதே எனக்கு உடன்பாடில்லை. நிமிர்த்தி டிராக்கில் இறக்குவது வேண்டவே வேண்டாம்.

அதன் பிறகு மூன்று டிராக் நாட்கள் முடிந்துவிட்டன. இடது முன்சக்கரத்தின் கோடு முதல் நாளில் நான்கு மில்லிமீட்டர் நகர்ந்து அங்கேயே நின்றுவிட்டது. புது ரிம்மும் வந்த பிறகு போனை மறுபடி இருக்கைத் தண்டவாளத்தில் ஒட்டிப் பதிவு செய்ததில் 13.6இலும் 13.2இலும் முகடு என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் 26.4இல் இதுவரை பெரிய முகடுகளின் நிழலில் மறைந்திருந்த ஒரு சிறு மேடு தெரிகிறது, 13.2இன் சரியான இரட்டை அது, அப்படியானால் பின்சக்கரம் ஒன்று ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எழும்புகிறது, நீள்வட்டமாகிவிட்ட டயர் அப்படித்தான் செய்யும். வலது பின் டயர் என்பது என் சந்தேகம். டயல் கேஜ் வெள்ளிக்கிழமை வரை லேத் பகுதியில் வேலையாக இருக்கிறது. சனிக்கிழமை காலையில் வாங்கி வைத்துப் பார்க்க வேண்டும்.